கல் பட்டறையில் புரிந்த சிசிஎன்ஏ கேபிள் பாடம்

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவின் பாடத்திட்டத்தில் கேபிள் பகுதி சின்னதுதான். காப்பர் (செம்புக் கம்பி) கேபிள் 100 மீட்டர், ஃபைபர் (ஒளி செல்லும் கண்ணாடி இழை) கேபிளில் மல்டி மோட் வகை சில நூறு மீட்டர், சிங்கிள் மோட் வகை கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு எல்லாரும் சப்நெட்டிங் என்ற நெட்வொர்க் முகவரிக் கணக்குக்கு ஓடுவோம். நானும் ஓடினேன். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து மதிப்பெண் போனது இந்தப் பகுதியில்தான். 'இந்த இடத்துக்கு எது பொருந்தும்' என்று கேட்டால் அட்டவணை கைகொடுக்கவில்லை.

அது மாறியது பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில். கேமரா வேலை எடுத்திருந்த அண்ணன் ஒருவருக்கு உதவியாகப் போயிருந்தேன். ஆபீஸிலிருந்து கட்டிங் ஷெட்டுக்கு யாரோ கேட் 6 என்ற காப்பர் கேபிளை இழுத்திருந்தார்கள். அளந்தால் 130 மீட்டர். காலையில் லிங்க் லைட் எரியும், ரம்பம் ஓடத் தொடங்கியதும் படம் நின்றுவிடும். ஷெட்டில் இருந்த, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சைக் கழற்றினோம். உள்ளே இருந்த குட்டி ஃபேனைச் சுற்றிக் கல் மாவு, காய்ந்த தோசை மாவு போல இறுகியிருந்தது. விரலால் தள்ளியும் இறக்கை அசையவில்லை.

"தம்பி, இது ஏசி ரூமுக்குச் செஞ்ச சாமான். இங்க ஃபேனே இல்லாததுதான் நிக்கும்" என்றார் அண்ணன்.

தூரம், மோட்டார் இரைச்சல், தூசி. முதல் இரண்டுக்கும் ஃபைபர் பதில். உள்ளே போவது ஒளி என்பதால் மோட்டாரின் மின்காந்த இரைச்சல் அதைத் தொடாது. கோடை மழையில் இடி இறங்கினாலும் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் எலிக்குப் பயந்து இரும்புக் கவசம் போட்ட கேபிள் வாங்கினால், அந்தக் கவசத்துக்கு எர்த் கொடுக்க வேண்டும். மூன்றாவதற்கு இண்டஸ்ட்ரியல் சுவிட்ச். ஆபீஸ் சுவிட்ச் பெரும்பாலும் 40, 45 டிகிரி வரைதான். இவற்றில் பல மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்கும். ஏப்ரலில் தகரக் கூரைக்கு அடியில் நின்று பார்த்தால் அந்த 75 எதற்கு என்று புரியும்.

இதில் ஒன்றைக் கவனமாகப் பிரித்து வையுங்கள். 130 மீட்டருக்கு மல்டி மோட் போதும், ஓஎம்3 என்ற மல்டி மோட் இழையில் 1 ஜிகாபிட் வேகம் 550 மீட்டரும் 10 ஜிகாபிட் வேகம் 300 மீட்டரும் போகும். புத்தகம் எதிர்பார்க்கும் விடை அதுதான். நாங்கள் போட்டது மஞ்சள் நிற சிங்கிள் மோட் பேட்ச் கார்டும் (சின்ன இணைப்புக் கேபிள்) சிங்கிள் மோட் கேபிளும். ஊரில் கேபிள் டிவி, இண்டர்நெட் வேலை செய்பவர்களிடம் இழைகளை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசிங் மெஷினும் அந்தக் கேபிளும்தான் உடனே கிடைத்தன. களத்தில் அது சரியான முடிவு. தேர்வில் 'ஒரே வளாகம், குறைந்த தூரம், குறைந்த செலவு' என்று வந்தால் மல்டி மோட் என்றே குறியுங்கள்.

இரண்டு முனையிலும் எஸ்எஃப்பி மாட்யூல் (சுவிட்சில் செருகும், மின் சிக்னலை ஒளியாக்கும் பாகம்) ஒரே வகையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் 850, மறுபக்கம் 1310 நானோமீட்டர் அலைநீளம் போட்டால் லிங்க் வராது. எரிகிறதா என்று முனைக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

அப்புறம் நான் படித்த முறையே மாறியது. தெரிந்த இடங்களை எடுத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலை என்றால் ஆவியும் கழுவும் தண்ணீரும், அதனால் தண்ணீர் புகாத பெட்டி. பெட்டியை மூடினால் உள்ளே சூடு ஏறும், அதனால் மறுபடியும் ஃபேன் இல்லாத சுவிட்ச். தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடம் என்றால் சாதாரண ஆபீஸ் சுவிட்சே போதும். அங்கே பார்க்க வேண்டியது பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே சாதனங்களுக்கு மின்சாரம் தருவது) பவர் கணக்கு. 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் என்றால் 369.6. சந்தையில் '370 வாட்' என்று எழுதியிருப்பதன் காரணம் அதுதான். 30 வாட் கேட்கும் சாதனங்களானால் அதே சுவிட்சில் 12 தான் ஓடும்.

தேர்வுக்கு 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. எழுதி அழிக்கத் தரும் பலகையில் 100, 300, 550, 15.4, 30 என்ற எண்களை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். கேபிள் கேள்வி வந்தபோதெல்லாம் முதலில் தூரத்தையும், பிறகு சுற்றி என்ன ஓடுகிறது என்பதையும் படித்தேன், விலையைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.