ஒன்றரை லிட்டர் பாட்டில்

பெஸ்தாரி ஜெயாவை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரில்தான் சொல்கிறார்கள். சுற்றிலும் செம்பனை, ஊரை ஒட்டிச் சிலாங்கூர் ஆறு. கோலாலம்பூரும் சிலாங்கூரும் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தருவது சுலபம் என்று நினைத்துத்தான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் எடுக்க ஆரம்பித்தேன்.

சில ஆண்டுகள் ஓவியப் போட்டி நடத்தினேன். அழகாக வரைவார்கள், பரிசு வாங்குவார்கள், அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு அரட்டை அடிப்பார்கள். காசு மிச்சமாகும் என்றும் சொல்லிப் பார்த்தேன். சிலாங்கூரில் வீட்டுக்கு மாதம் முதல் 20 கன மீட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது. பிள்ளைகளிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

ஒருநாள் ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் சொட்டிக்கொண்டிருந்த குழாயடியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டிலோடு உட்காரச் சொன்னேன். 20 நிமிடத்தில் பாதி நிறைந்தது. மணி அடித்தும் அவன் எழவில்லை. பாட்டிலில் விரலால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தான். ஒரு நாளைக்கு 54 லிட்டர்.

“டீச்சர், சனி ஞாயிறுலயும் சொட்டும்தானே?”

யாரும் இல்லாத பள்ளியில் 108 லிட்டர். அந்தக் குழாய் சொட்டுவது எனக்கும் தெரியும், பல மாதங்களாகத் தெரியும். மறுநாளே அலுவலகத்தில் சொல்லி வாஷர் மாற்ற வைத்தேன்.

அதன் பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். ஒரு பாட்டி நேரிலேயே வந்துவிட்டார். “தோட்டத்துல காலையில கொஞ்ச நேரம்தான் தண்ணி வரும். துணி அலசின தண்ணியிலதான் லயத்து வாசலக் கழுவுவோம்” என்றார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நான் போட்ட எந்தப் பாடத்துக்கும் அப்படி உட்கார்ந்ததில்லை.

2020 செப்டம்பரையும் பேசினோம். ரவாங் பக்கம், சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து சேரும் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்ததும் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டி வந்தது. கோலசிலாங்கூர் உட்பட 1,200க்கும் மேற்பட்ட இடங்களில் தண்ணீர் நின்றது. ஆற்றை மேலே ஒருவர் கெடுத்தால், கீழே எத்தனை வீட்டு வாளி காலியாகும் என்று பிள்ளைகள் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினார்கள். குழாயை மூடச் சொல்வதோடு என் வேலை முடியாது என்று எனக்கே அன்றுதான் உறைத்தது.

அந்த விரல்களில் ஒன்று ஆற்றோடு இன்னும் கீழே இறங்கி, மின்மினிப்பூச்சிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தானில் நின்றது. “மின்மினிப்பூச்சிக்கும் இதே தண்ணியா டீச்சர்?”

இதே தண்ணீர்தான் என்றேன். அடுத்த தவணையில் அங்கே கூட்டிப் போகிறேன். பெற்றோர் அனுமதிக் கடிதம் தயாராகிவிட்டது. அந்தப் பாட்டியும் வருகிறார்.