நூல்கண்டு

ஜூலை 22, திங்கள்

விடிந்ததிலிருந்து நான் ஸ்கூலுக்குக் கிளம்பும் வரை அப்பா பதினொரு தடவை கேட்டுவிட்டார். "சாவி எங்க தாயி?" எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

பதினொன்றாம் வகுப்பில் நினைவுப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது. எண்களை ஒவ்வொன்றாக வாசித்து, முடித்ததும் அதே வரிசையில் எழுதச் சொன்னேன். ஐந்து எண் வரை வகுப்பு முழுக்கச் சரி. ஏழில் பாதிப் பேர் தடுமாறினார்கள். ஒன்பதில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஜார்ஜ் மில்லர் 1956இல் சொன்ன கணக்கு அப்படியே வந்தது: ஏழு, அதில் இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். செல்போன் நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வது ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

ராத்திரி அப்பாவிடம் அதையே செய்து பார்த்தேன். ஆறு எண். தயங்காமல் திருப்பிச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுக்களைக்குப் போய்ப் பால் காய்ச்சி எடுத்து வந்து, "அந்த நம்பர் என்னப்பா?" என்றேன்.

"எந்த நம்பர்?"

ஹென்றி மொலைசனுக்கும் இப்படித்தான். வலிப்புக்காக 1953இல் மூளையின் இரண்டு பக்கமும், புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் பெரிய ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சொன்ன எண்ணை உடனே திருப்பிச் சொல்ல அவரால் முடிந்தது. கவனம் வேறு பக்கம் போனால் அவ்வளவுதான். பத்து வருஷமாக இதைப் பாடமாக நடத்துகிறேன். கையில் பிடிக்க முடிகிறது, உள்ளே எடுத்து வைக்க முடியவில்லை. பால் ஆறும் நேரம்தான்.

ஜூலை 25, வியாழன்

டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் வெள்ளை. ஹிப்போகாம்பஸ் என்று போர்டில் சாக்பீஸால் கடல்குதிரை மாதிரி வரைந்து காட்டுவேனே, அதே இடம். ஆறு மாசம் போகட்டும், பார்ப்போம் என்றார். மூளைக்காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாள் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக்கொண்டு இருந்ததைப் பற்றிக் கேட்டேன். "அதை இப்ப நினைக்காதீங்க" என்றார்.

ஜூலை 26, வெள்ளி

அந்த இரண்டு நாள்.

ஜூலை 28, ஞாயிறு

அப்பா கடையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே செல்போன் கடை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் உண்மையைத்தான் சொன்னேன். "கடையைக் கொடுத்தாச்சுப்பா." ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. முகம் அப்படியே கீழே இறங்கும். "யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?" என்பார். கொடுத்தவரே அவர்தான், ஸ்டாம்புப் பேப்பரில் அவர் கையெழுத்துதான். கால் மணி நேரத்தில் துக்கம் போய்விடும், கேள்வி வந்துவிடும். ஒரே நாளில் எட்டு தடவை அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

தம்பி போனில், "சாவி என்கிட்ட இருக்குன்னு சொல்லிரு அக்கா, முடிஞ்சுது" என்கிறான். அவனுக்குச் சுலபம், அவன் பெங்களூரில் இருக்கிறான். எடைக்கல்லை வாரத்துக்கு ஒரு தடவை புளி போட்டுத் தேய்ப்பவர் அப்பா, அழுக்கு ஒட்டினால் எடை மாறும் என்று. அவரிடம் எப்படி நான் நாளைக்கு இருபது பொய் சொல்வது? அம்மா பொய்யும் சொல்வதில்லை, மெய்யும் சொல்வதில்லை. "காலையில பாப்போம், இப்ப சாப்பிடுங்க." அதற்கு அவர் அடங்குகிறார். எனக்கு அது வாயில் வர மாட்டேன் என்கிறது.

ஏன் சாவி மட்டும்? பேத்தி பேரைக் கேட்பதில்லை, தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்பதில்லை. பாதியில் நின்ற வேலை மனதில் அதிகம் தங்கும் என்று புளூமா ஜெய்கார்னிக் 1927இல் எழுதினார். அப்புறம் மற்றவர்கள் செய்த சோதனைகளில் எல்லாம் அது அதே மாதிரி வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். இருந்தாலும் இன்று அதைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். கடையைப் பூட்டிய கடைசி நாள் அவருக்கு முடிந்த நாளாகவே ஆகவில்லையோ?

கிளைவ் வேரிங் என்ற இங்கிலாந்து இசைக்கலைஞருக்கு 1985இல் வந்ததும் அப்பாவின் மூளையைத் தாக்கிய இதே ஹெர்பிஸ் கிருமிதான். அவர் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். இப்போதுதான் முதன்முதலாக விழித்தேன் என்று எழுதுவார். கொஞ்ச நேரத்தில் அதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். பக்கம் பக்கமாக அப்படி. நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த அடித்தல்களை நினைத்தால் கை நின்றுவிடுகிறது.

ஜூலை 29, திங்கள்

எரிந்து விழுந்துவிட்டேன். அவருக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கும்.

ஜூலை 30, செவ்வாய்

ஒன்று விட்டுப்போனது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், இருபத்தொரு நாள் அப்பாவுக்கு ஊசி போட்ட நர்ஸ் எதிரே வந்து சிரித்தாள். அப்பா இடது கையை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "இவங்களைத் தெரியுதா?" என்றால், "தெரியலையே." அப்புறம் ஏன் கையை மறைத்தீங்க? "குளிருது." வெளியே அடிக்கிற வெயிலில்.

ஜெனீவாவில் கிளாபரேட் என்ற டாக்டர் விரலிடுக்கில் குண்டூசியை ஒளித்துக்கொண்டு, நினைவிழந்த ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்தார். அடுத்த தடவை அவர் கையை நீட்டியதும் அந்தப் பெண் இழுத்துக்கொண்டாள். ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை. 1911இல் எழுதியிருக்கிறார். அப்பா கையை இழுத்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை, ஐந்து நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போது தோன்றுகிறது. அவருக்குள் எதுவோ பதிகிறது. எங்கோ.

ஆகஸ்ட் 1, வியாழன்

பாவ்லவை மறுபடி நடத்தினேன், போன தேர்வில் பாதிப் பேர் குழப்பியிருந்தார்கள்: சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தம் கேட்டுப் பழகிய நாய்க்கு, பிறகு அந்தச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும். அவருக்கு 1904இல் நோபல் கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்கு, நாய்க்கு மணி அடித்ததற்கு இல்லை என்றதும் பின்வரிசை நிமிர்ந்தது. சோதனைகளில் மெட்ரோனோம் சத்தத்தைத்தான் நிறையப் பயன்படுத்தினார் என்றும் சொன்னேன்.

இன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்ணால் பார்த்தேன். எதிர் வீட்டுக்குக் கீழே டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். அந்தக் கடகட சத்தம். அப்பா சாய்ந்தபடி இருந்தவர் எழுந்தார். வலது கை நேராக இடுப்புக்குப் போனது, வேட்டி மடிப்பில், அரைஞாண் கயிற்றுக்குப் பக்கத்தில். விரல் அங்கே தடவியது. ஒன்றும் இல்லை. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "சாவி எங்க தாயி?"

நாற்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் சாவி இடுப்பில் ஏறியிருக்கிறது. காலையிலும் அப்படித்தான், டீக்கடை திறக்கும் சத்தம். நான் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன். கேட்டது கை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பழைய பீரோ சாவி ஒன்றை அப்பாவின் கயிற்றில் கோத்துவிட்டேன். ராத்திரி ஷட்டர் இறங்கியது. கை போனது, தொட்டது, திரும்பி வந்தது. கேட்கவில்லை! அம்மா என்னைப் பார்த்தார்கள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

காலை ஆறு மணிக்கு ஷட்டர் திறந்த சத்தம். இடுப்பில் சாவி இருக்கிறதா, சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். தெருமுனையில் போய்ப் பிடித்தேன். சாவியைக் கழற்றிவிட்டேன். ஆடிப்பெருக்கும் அதுவுமாக நான் அழுதுகொண்டே தேங்காய் துருவினேன்.

மதியம் அம்மா வறுத்த நிலக்கடலையை முறத்தில் கொட்டி ஆறவைத்தார்கள். பழைய பேப்பரும் நூல்கண்டும் பக்கத்தில் கிடந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பேப்பரை நாலாகக் கிழித்தார். ஒரு துண்டை இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் ஒரே சுற்று, கூம்பு. அடி நுனியை மட்டும் திருகி மடித்தார். கடலையைக் கையால் அள்ளிப் போட்டு இரண்டு தட்டு. வாயை மூன்று மடிப்பாக உள்ளே சொருகி, நூலைக் குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று ஓட்டி, ஆள்காட்டி விரலில் சுண்டி அறுத்தார். கத்தரி இல்லை. என்னிடம் நீட்டி, "நூறு" என்றார். அடுக்களைத் தராசில் வைத்தேன். 104 கிராம்.

பதினான்கு பொட்டலம் கட்டினார். ஒரு தடவைகூடச் சாவி கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

வகுப்பில் நட்சத்திரம். காகிதத்தில் இரட்டைக் கோட்டில் நட்சத்திரம், கையை அட்டையால் மறைத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவே வரைய வேண்டும். பிள்ளைகள் கத்தினார்கள், பென்சில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று. பிரெண்டா மில்னர் இதை மொலைசனுக்குக் கொடுத்தார். மூன்று நாளில் அவர் கை தேறியது. ஒவ்வொரு நாளும் இதற்கு முன் இதைச் செய்ததே இல்லை என்றார். நினைவு என்பது ஒரே சாமான் இல்லை, கைக்கு வேறு வழி இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியது அந்த நட்சத்திரம்.

"மிஸ், அப்ப அவருக்குத் தெரியாமலேயே அவர் கத்துக்கிட்டாரா?" முதல் வரிசைப் பெண். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொட்டலம் பழைய வித்தை, காய்ச்சலுக்கு முன்னே வந்தது. அது மிஞ்சியிருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் புதுசாக ஒன்று ஏறுமா? இன்று ராத்திரி அப்பா முன்னால் கண்ணாடியை வைத்தேன். கோட்டைத் தாண்டியது 38 இடத்தில். "என்ன கூத்து இது" என்றார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

29. "இதெல்லாம் நான் செஞ்சதே இல்லையே தாயி."

ஆகஸ்ட் 7, புதன்

30. ஷட்டர் சத்தத்துக்கு நடுவில் உட்கார வைத்தது என் தப்பு. சாவி ஆறு தடவை.

ஆகஸ்ட் 8, வியாழன்

எட்டு மணிக்கே உட்கார வைத்தேன். 22. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் பென்சிலைச் சரியான முனையில் வைத்தார். இதை இதற்கு முன்னால் பார்த்திருக்கீங்களா என்றதற்கு இல்லை என்றார்.

தாள் தீர்ந்துவிட்டது. நாளைக்கு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், இருபது. பேப்பரும் நூலும்.