பூவனூரையும் சேர்த்தா எவ்வளவு?

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் புக்கிங் நோட்டு எழுதுவது என் வேலை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, வண்டியெல்லாம் ஷெட்டில் தூங்கும். 2022 ஆடியில் மட்டும் முதலாளிக்கு ஒரு நப்பாசை. ரஷ்யாவில் நடக்கவேண்டிய செஸ் ஒலிம்பியாட், போரால் மாமல்லபுரத்துக்கு வந்திருந்தது. 180 நாடுகளுக்கு மேல். ஜூலை 28 தொடக்க விழாவில் பிரதமரே திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயிலைப் பற்றிப் பேசிவிட்டார். சிவன் இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்ட தலம், நீடாமங்கலத்துக்குப் பக்கம்.

"செஸ் ஆடுறவனுக்கு இதைவிட வேற கோயில் ஏதுப்பா?" மறுநாளே ஃபிளெக்ஸ் அடித்தாயிற்று. இங்கிலீஷில்.

ஆகஸ்ட் 4 ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். அங்கிருந்து இங்கே வரவே ஐந்தாறு மணி நேரம்; மறுநாள் ஆட்டத்தை வைத்துக்கொண்டு எவன் வருவான்? சொன்னேன். "வாயை வெச்சுடாதய்யா" என்றார். பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் அது. காவிரியில் வெள்ளம், ஆபீஸில் ஈ.

எங்கள் வேன் இரண்டு மாமல்லபுரத்துக்கு ஒப்பந்தத்தில் போயின. நல்ல சாப்பாடு, தினம் பேட்டா என்று டிரைவர்களுக்குச் சந்தோஷம். வாடகைப் பணம் தீபாவளி தாண்டித்தான் வந்தது. அத்தனை பெரிய விழாவின் காசு ஈ.சி.ஆர். ஓட்டல்களைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்தது பூவனூருக்கு ஒரு புதுப் பெயர்.

அதுவரை பூவனூர் கேட்டு வந்தவர்கள் எலிக்கடி, பூச்சிக்கடிக்காரர்கள். சாமுண்டீஸ்வரி சந்நிதியில் வேர் கட்டிக்கொள்ளப் போவார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு நவக்கிரகம் புக் பண்ணுகிறவர்களே, "பூவனூரையும் சேர்த்தா எவ்வளவு?" என்கிறார்கள். ஆலங்குடி குருவைப் பார்த்துவிட்டு நீடாமங்கலம் தாண்டினால் போதும். ஆனால் மதியம் நடை சாத்துவதற்குள் அடுத்த கோயிலைப் பிடிக்கவேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காக டிரைவர் என்னைத் திட்டுவார். மாதம் மூன்று நான்கு டிரிப் தேறும். முதலாளி இதையெல்லாம் லாபத்தில் சேர்ப்பதில்லை.

போன வருஷம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம். அப்பா அட்வான்ஸ் எண்ணிக்கொண்டிருக்க, பையன் என் மேஜையில் காந்தச் செஸ் போர்டை விரித்து, புக்கிங் நோட்டின் மேலேயே ஒரு குதிரையை நிறுத்தினான்.

"அங்கிள், சாமி வெள்ளைக் காயா, கறுப்பா?"

"அர்ச்சகர்கிட்ட கேளு தம்பி" என்று குதிரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ரசீது கிழித்தேன்.