பழைய வீட்டைக் கொடுத்துப் புதுவீடு வாங்கும்போது

இங்கிலாந்தில் புதுவீடு கட்டி விற்கும் நிறுவனங்கள் பல, உங்கள் பழைய வீட்டையும் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. இதுதான் பார்ட் எக்ஸ்சேஞ்ச். பழைய வீட்டின் மதிப்பு புதுவீட்டு விலையில் சுமார் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுபோல வரம்பு வைப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லீஸ், அதாவது நீண்டகாலக் குத்தகை உரிமையில், மீதி ஆண்டுகள் குறைந்த ஃபிளாட்டை அநேகமாகத் தொடமாட்டார்கள்.

விலையில்தான் சூட்சுமம். ஏஜென்ட்டுகள் தரும் மதிப்பீடு, சீக்கிரம் விற்றுப்போகும் விலையை ஒட்டியே இருக்கும். ஓர் உதாரணம்: வெளியில் 3,00,000 பவுண்டு போகும் வீட்டுக்கு நிறுவனம் 2,85,000 தருகிறது. நீங்களே விற்றால் ஏஜென்ட் கமிஷன் 1.5 சதவீதம், அதன்மேல் வாட் வரி 20 சதவீதம், ஆக 5,400. கையில் 2,94,600. வித்தியாசம் 9,600. வாங்குபவர் கடைசி நேரத்தில் பின்வாங்கும் தலைவலி இல்லாததற்கு இது நியாயமான விலைதானா என்பது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது.

ஆனால் கணக்கு அத்தோடு முடியாது. பார்ட் எக்ஸ்சேஞ்ச் எடுத்தால் மற்ற தள்ளுபடிகள் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் பழைய வீட்டைப் பற்றி வாயே திறக்காமல், முதலில் புதுவீட்டின் கடைசி விலையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஸ்டாம்ப் டியூட்டி புதுவீட்டின் முழு விலைக்கும் உண்டு, பழைய வீட்டின் மதிப்பு போக நீங்கள் கட்டும் மீதித் தொகைக்கு மட்டுமல்ல. நிறுவனம் சிபாரிசு செய்யும் வக்கீலைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.