பல் சேர்ந்தால்தான் முகம் சேரும்

பைக்கிலிருந்து விழுந்த அன்று முகத்தின் வீக்கத்தைவிட என்னைப் பயமுறுத்தியது பல்தான். வாயை மூடினால் கடைவாய்ப் பற்கள் முதலில் இடித்துக்கொண்டன, முன்பற்கள் சேரவே இல்லை. அவசரப் பிரிவில் இதைச் சொன்னதும் டாக்டர் ஒரு கையால் நெற்றியை அழுத்திப் பிடித்து, மறு கையால் மேல் முன்பற்களை மெல்ல ஆட்டினார். மேல்தாடை மொத்தமாக அசைந்தது, மூக்கு அசையவில்லை.

சி.டி. ஸ்கேனில் உறுதியானது: லெ ஃபோர்ட் முதல் வகை முறிவு, அதாவது பல் வரிசைக்கு மேலே மேல்தாடை குறுக்காக உடைந்து தனியே பிரிவது. கூடவே இடது கன்ன எலும்பும் உடைந்திருந்தது. ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் சடலங்களின் தலைகளை வைத்து ஆராய்ந்து 1901-ல் வகுத்த மூன்று முறிவுகளில் இதுதான் கீழ்மட்டத்தில் இருப்பது. இடது கன்னமும் மேலுதடும் மரத்துப்போனதற்குக் காரணம், கண்ணுக்குக் கீழே வரும் நரம்பு நசுங்கியதுதான். பார்வை இரண்டாகத் தெரிகிறதா, மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த நீர் மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாமாம். நல்லவேளை, எனக்கு இரண்டுமே இல்லை.

வீக்கம் வடிய ஐந்து நாள் காத்திருந்தோம். மூக்கைச் சிந்தவே கூடாது என்றார்கள், காற்று கன்னத் தோலுக்கு அடியில் புகுந்துவிடும். தலையை உயர்த்தி வைத்துத் தூங்குவதுதான் பெரும் பாடாக இருந்தது.

அறுவையின்போது சுவாசக் குழாயை மூக்கு வழியாகவே விட்டார்கள். வாய் வழியாக விட்டால் பற்களை மூட முடியாதே! முதலில் மேல், கீழ்ப் பற்களைச் சரியான கடியில், அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தில், சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். அப்புறம்தான் மேலுதட்டுக்கு உள்ளே கீறி, எலும்பை டைட்டானியம் தகடுகளால் பொருத்தினார்கள். பல் தப்பாகச் சேர்ந்திருக்கும்போது தகடு வைத்தால் தாடையும் தப்பாகவே நிலைத்துவிடும் என்று டாக்டர் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், முகத்தில் அடிபட்ட பிறகு கடி மாறியதுபோல் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வீக்கத்தில் எல்லாம் மறைந்திருக்கும் நேரத்தில், அது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

பிறகு சில வாரங்கள் மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் வளையங்கள், திரவ உணவு. வாந்தி வந்தால் உடனே வெட்டிவிடக் கத்தரிக்கோல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வளையங்களைக் கழற்றிய அன்று மெல்லிய நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார் டாக்டர். இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி நீலப் புள்ளிகள் விழுந்திருந்தன. மேலுதட்டில் அப்போதும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. நரம்பு விழிக்கிறது, மாதக்கணக்கில் ஆகும் என்றார்.