ஸ்கார்பரோ ஃபேர்: ஒரு பாட்டின் வேரைத் தேடிய குறிப்பேடு

முதல் அமர்வு

எடுத்துக்கொண்டது 'ஸ்கார்பரோ ஃபேர்', அதாவது ஸ்கார்பரோ என்ற ஊரின் சந்தை. இங்கிலாந்து நாட்டுப்பாடல்களில் ஊருலகத்துக்கெல்லாம் தெரிந்தது, அதனால் கட்டுக்கதையும் அதிகம். 'இடைக்காலப் பாட்டு', 'கொள்ளைநோய்க் காலத்து மூலிகைப் பாட்டு' என்று யாராவது சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதற்கு அந்த வயது? சொல்லுக்கா, மெட்டுக்கா, திரும்பத் திரும்ப வரும் அடிக்கா, ஊர்ப்பெயருக்கா? நான்கும் வேறுவேறு வழியில் வந்து சேர்பவை. ஆகவே நோட்டில் நான்கு பத்தி. ஒவ்வொன்றிலும் கைக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று மட்டும் ஏறும். 'தோன்றிய ஆண்டு' என்று எழுத இடமே விடவில்லை.

தலைப்பை வைத்துத் தேடுவதுதான் முதல் சறுக்கல். பாடியவர்கள் தலைப்பு வைத்துக்கொண்டு பாடவில்லை. எழுதி எடுத்தவர் ஆளுக்கொரு பெயர் போட்டார். இதற்காகவே ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் 1970 வாக்கில் தொடங்கிய அட்டவணை இருக்கிறது. ஏறக்குறைய 25,000 பாடல்களுக்கு எண் கொடுத்திருக்கிறார். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் சீசில் ஷார்ப்பின் பெயரிலுள்ள லண்டன் இல்லத்தில் இருக்கும் வாகன் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தலைப்பைத் தட்டி, வரும் பதிவுகளில் ஒன்றைத் திறந்து, ரவுட் எண்ணைக் குறித்துக்கொண்டு, தலைப்பை அழித்துவிட்டு எண்ணை மட்டும் போட்டு மறுபடி தேட வேண்டும். நம் பாட்டு 12. அந்த எண்ணின் கீழ் 'எல்ஃபின் நைட்', 'கேம்ப்ரிக் சட்டை', 'விட்டிங்கம் ஃபேர்' என்று ஒரு குடும்பமே வந்து நிற்கிறது.

பதிவுகளை எண்ணிப் பார்த்து 'இவ்வளவு பேர் பாடியிருக்கிறார்கள்' என்று முடிவுகட்டக் கூடாது. ஒருவர் ஒருமுறை பாடியது கையெழுத்துப் பிரதிக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, இசைத்தட்டுக்கு ஒன்று என்று மூன்று வரிசையாக விழும்.

இரண்டாம் அமர்வு: சொல்

ரவுட் எண்ணோடு சைல்ட் எண்ணும் கிடைத்தது: 2. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 305 கதைப்பாடல்கள். பாடபேதங்களுக்கு அதை விட்டால் வழியில்லை. மெட்டுக்கு அதிகம் உதவாது.

அவர் முதலில் வைக்கும் பாடம், பதினேழாம் நூற்றாண்டு நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸின் நூலகத்திலுள்ள ஒற்றைத்தாள் அச்சு. நம் குஜிலிப் பாட்டுப் போல, தெருவில் விற்ற மலிவுச் சரக்கு. காலம் 'சுமார் 1670' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த 'சுமார்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தாளில் ஆண்டே இல்லை. எடின்பரோவில் 1673-இல் அச்சான ஒரு நூலின் கடைசியில் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த பழைய ஆய்வாளர் ஒருவர் 'இருக்கலாம்' என்று போட்ட கணக்கு அது. நோட்டில் '1670?' என்று கேள்விக்குறியோடுதான் ஏறியது.

அதில் சந்தை இல்லை, மூலிகையும் இல்லை. குன்றின்மேல் மாயவீரன் கொம்பூதுகிறான். தையல் இல்லாத சட்டை தைத்துத் தா என்கிறான். பெண் பதிலுக்கு, கொம்பால் உழுது காட்டு என்கிறாள். முடியாத வேலைகளைச் சொல்லி மடக்கும் இந்த உத்தி ஐரோப்பா முழுக்கப் பழங்கதைகளில் உண்டு. அதைக் கொண்டு பாட்டின் வயதைக் கூட்டிவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. உத்திக்கு வயது கூடுதல் என்பதால் பாட்டுக்கும் கூடுதல் ஆகிவிடாது.

ஒற்றைத்தாள்களைப் படிக்கக் கண் பழக வேண்டும். 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி நீண்டிருக்கும். 1800-ஐ ஒட்டி அது மறைகிறது. அதற்குப் பிந்தைய தாள்களுக்கு அச்சகத்தின் முகவரிதான் காலங்காட்டி. லண்டன் செவன் டயல்ஸ் பகுதியில் ஜான் பிட்ஸ் என்ற அச்சகக்காரர் 1819 வரை கிரேட் செயின்ட் ஆண்ட்ரூ தெரு 14-ஆம் எண்ணில் இருந்தார், பிறகு 6-ஆம் எண்ணுக்கு மாறினார். கதவிலக்கத்தைப் பார்த்தாலே தாள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இந்தப் பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகம் வலையேற்றியிருக்கும் சுமார் 30,000 தாள்களில் இறங்குவதற்குள் இந்த முகவரிகளைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் அமர்வு: மூலிகையும் ஊரும்

'பார்ஸ்லி, சேஜ், ரோஸ்மேரி, தைம்' அடி 1810-இல் அச்சான குழந்தைப் பாட்டுப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. 1670 தாளில் அந்த இடத்தில் 'காற்று என் கம்பளிப் போர்வையைக் கொண்டுபோயிற்று' என்பதுதான் அடி. கொள்ளைநோய்க் கதை இங்கேயே விழுந்துவிடுகிறது. மூலிகை அடியும் நிலையாக இல்லை: சிலர் வாயில் 'ரோஸ்மேரி அண்ட் தைம்' என்பது 'ரோஸ் க்ரோஸ் மெரி வித் டைம்' ஆகிவிட்டது. காதில் விழுந்ததைப் பாடியவர்கள் அவர்கள்.

ஸ்கார்பரோ சந்தைக்கு 1253-இல் மூன்றாம் ஹென்றி சாசனம் கொடுத்தார். ஆகஸ்ட் 15 தொடங்கி 45 நாள். 1788-இல் நின்றது. இந்த ஆண்டுகளைப் பாட்டின் மேல் ஒட்டுகிறவர்கள் ஏராளம். நம் நோட்டில் ஊர்ப்பெயருக்கு ஏறிய சான்று, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஃபிராங்க் கிட்சனின் 1891 தொகுப்பு. வடக்கே நார்தம்பர்லாந்தில் அதே பாட்டு விட்டிங்கம் சந்தைக்குப் போகிறது. ஊர்ப்பெயர்தான் முதலில் மாறும்.

நான்காம் அமர்வு: மெட்டு

அதிக நேரம் பிடித்தது இதுதான். இன்று எல்லாரும் பாடும் மெட்டு கிட்சன் அச்சிட்டது அல்ல. 1947-இல் மிடில்டன்-இன்-டீஸ்டேலில், ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளி ஒருவரிடமிருந்து நாட்டுப்பாடகர் ஈவன் மெக்கால் எடுத்தது. ஆக, பாட்டின் மிக 'இடைக்கால'மாக ஒலிக்கும் பகுதிக்குத்தான் சான்று மிகப் புதியது!

இந்த மெட்டின் சுரவரிசையை, மேற்கத்தியர் சொல்லில் 'மோட்', டோரியன் என்கிறார்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: கரகரப்பிரியாவின் ஏழு சுரங்கள், ராகம் அல்ல, சுரவரிசை மட்டும். சுருதிப்பெட்டியை இரண்டு கட்டையில், அதாவது 'டி'யில், வைத்துப் பரவலான வடிவத்தைப் பாடிப் பார்க்க:

ஸ ஸ ப ப ப ரி க ரி ஸ
ப நி ஸ் நி ப த ம ப

கமகம் வேண்டாம்; சுரத்தை நேராக நிறுத்த வேண்டும், மூன்றெண்ணிக்கை நடை. தைவதம் இரண்டாம் வரியில் ஒரே ஒரு இடத்தில்தான் தொடுகிறது, 'ரோஸ்மேரி'யில். அது சதுச்ருதி. அங்கே சுத்த தைவதம் வைத்தால் நடபைரவிக்குப் போய்விடும், மேற்கத்தியர் பெயரில் ஏயோலியன். கிதாரில் கைப்பழக்கத்தால் ஜி மைனர் பிடிப்பவர்களுக்கு நடப்பது இதுவே. பிடிக்க வேண்டியது ஜி மேஜர்.

ஒரு சுரத்தை நம்பி 'பழைய மோட்' என்று முத்திரை குத்தலாமா? இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் 1906-இல் லிங்கன்ஷயருக்கு ஃபோனோகிராஃப் எடுத்துப்போய் மெழுகு உருளையில் பதிந்தார். ஒரே பாடகர் ஒரே பாட்டில், ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காந்தாரத்தையும் நிஷாதத்தையும் மாற்றிப் பிடிப்பது அதில் கேட்டது. காதால் கேட்டுத் தாளில் எழுதியவர்கள் அதை ஒரு மோடாகச் சமன்செய்துவிட்டிருக்கலாம். மெட்டுப் பத்தியில் 'டோரியன்' என்பதன் பக்கத்தில் 'எழுதியவர் காது' என்று சிறு குறிப்புச் சேர்ந்தது.

அடுத்தது

ரவுட் 3, 'சீட்ஸ் ஆஃப் லவ்'. 1903-இல் சாமர்செட் ஹாம்பிரிட்ஜில் ஒரு தோட்டக்காரர் பாட, சீசில் ஷார்ப் எடுத்த முதல் பாட்டு. ஷார்ப் விஷயத்தில் அச்சுப் புத்தகத்திலிருந்து தொடங்கவே கூடாது: பியானோ பக்கவாத்தியம் சேர்த்து, பள்ளிக்கு ஆகாத வரிகளைத் திருத்தி வெளியிட்டவர். பாடகர் வாயிலிருந்து வந்ததை அவர் கையெழுத்துப் பிரதியில் விட்டுவைத்தார். முதலில் பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அச்சைப் பக்கத்தில் வைத்து மாறிய சொற்களைச் சிவப்பில் அடிக்கோடிட வேண்டும். பிறகுதான் நோட்டில் முதல் வரி.