கடைவாய்ப்பல் வேரை சிபிசிடியில் எண்ணும்போது

பர்மியரின் கீழ்க் கடைவாய்ப்பல் தனி ரகம். பல் ஆய்வாளர் குலாபிவாலாவின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் கடைவாய்ப்பற்களில் 22.4 சதவீதத்தில் சி-வடிவக் கால்வாய் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய், குறுக்கே வெட்டினால் ‘C’ எழுத்துப் போலத் தெரிவது) இருந்தது. முதல் கடைவாய்ப்பற்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றில் மூன்று வேர். பிடுங்கிய பற்களில் மை ஏற்றி, பல்லையே ஒளி ஊடுருவும்படி ஆக்கிப் பார்த்தார்கள். நுணுக்கமான முறைதான். ஆனால் ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகிறதா என்று அதில் பார்க்க வழியில்லை. சிபிசிடி (CBCT) என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் பார்க்கலாம்.

ஆய்வுக்காக மட்டும் யாரையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தக் கூடாது. யாங்கோனிலோ மோல்மேனிலோ சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்களே போதும். சிக்கல், அவற்றில் பல இம்பிளான்டுக்காக முழுத்தாடையையும் எடுத்தவை, வோக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கனசதுரப் புள்ளி, 0.3 மி.மீ. இருக்கும். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் எம்பி2 கால்வாய் (முன்-கன்னப்பக்க வேரில் உள்ள மெல்லிய இரண்டாவது கால்வாய்) அதில் காணாமல் போய்விடலாம். ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் கணக்கே பொய். மேல்தாடைக்கு 0.2க்கு மேற்பட்டதைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

ஸ்கேனைத் திறந்ததும் எண்ணத் தொடங்காதீர்கள். பக்கவாட்டு வெட்டிலும் முன்பக்க வெட்டிலும் அச்சைத் திருப்பி, வேரின் நீளவாக்கு செங்குத்தாக நிற்கும்படி செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் குறுக்குவெட்டு வேரைச் சாய்வாக அறுக்கும். வட்டக் கால்வாய் நீண்டு தெரியும், அது சி-வடிவம் என்று பதிவாகும். மூன்றாவது வேர் பின்வேரின் நாக்குப் பக்கம் ஒளிந்து, பெரும்பாலும் கன்னத்தை நோக்கி வளையும். அதற்கு அச்சைத் தனியாக மறுபடி திருப்ப வேண்டும்.

பிறகு கூழறையின் (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள குழி) தரையிலிருந்து வேர்நுனி வரை மெதுவாக உருட்டி, மேல், நடு, நுனி மூன்றிலும் தனித்தனியே குறியுங்கள். மேலே முழுப் பிறையாக இருப்பது நடுவில் இரண்டாகப் பிரிந்து, நுனியில் ஒன்றாகச் சேரலாம். ஒரு மட்டத்தை மட்டும் எழுதிய அட்டவணை எதற்கும் உதவாது.

உலோகக் கிரீடம், போஸ்ட் (வேருக்குள் பொருத்திய தண்டு), பழைய வேர் அடைப்பு உள்ள பற்களை நீக்குங்கள்; அவற்றின் கருங்கோடு கால்வாய் போலவே நடிக்கும். நோயாளி அசைந்திருந்தால் எனாமல் விளிம்பு இரட்டையாகத் தெரியும், ஒரு கால்வாயும் இரண்டாகிவிடும். இருவர் தனித்தனியே பார்த்து, இரு வாரம் கழித்து ஒரு பகுதியை மறுபடி பார்த்து, பதிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பைக் கணக்கிடுங்கள்.

இங்கே பர்மாவில் தமிழ்க் குடும்பங்களில் கலப்புத் திருமணம் புதிதல்ல. ‘தமிழர்’, ‘பர்மியர்’ என்று இரண்டே கட்டம் வைத்தால் எந்த விகிதம் யாருடையது என்று பிரிக்க முடியாது. நோயாளியிடம் கேட்டு, தாய்வழி, தந்தைவழித் தாத்தா பாட்டி நால்வருக்கும் தனித்தனி பத்தி வையுங்கள். சொல்லத் தெரியாதவர்களுக்கு ‘தெரியாது’ என்றே எழுதுங்கள், பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.